சாவி இல்லாத கதவு

"சாவியை எங்கே வைத்தேன்?" என்ற கேள்வி எழாத வீடு உண்டா? பாட்டியின் இடுப்புச் செருகலில் தொடங்கி, அப்பாவின் சட்டைப் பை, அம்மாவின் கைப்பை, அலமாரியின் மேல்தட்டு என்று தேடிக் கடைசியில் அது பூட்டிலேயே தொங்குவதைக் கண்டு சிரித்திருக்கிறோம். சாவி தொலையும், வளையும், சில வேளைகளில் பூட்டிய கதவுக்கு உள்ளேயே அகப்பட்டுக்கொள்ளும். சாவியே வேண்டாம், ஓர் எண் நினைவிருந்தால் போதும் என்று ஒரு மோட்டார் கார் சொன்னால் எப்படி இருக்கும்?

பதினோராம் வகுப்பில் வரிசை மாற்றங்கள் பாடம் நடந்தபோது எங்கள் கணக்கு ஆசிரியை அப்படிப்பட்ட ஒரு கார்க் கதவைக் கரும்பலகையில் வரைந்தார். மணி அடித்த பிறகும் நாங்கள் எழுந்திருக்கவில்லை. அன்று நாங்கள் கற்றதையும், பிறகு கூடி உட்கார்ந்து கணக்கிட்டுப் பார்த்ததையும் இங்கே தருகிறோம்.

ஐந்து பொத்தான்கள்

அமெரிக்காவின் ஃபோர்டு நிறுவனம் 1980 ஆம் ஆண்டு தண்டர்பேர்டு, லிங்கன் முதலிய தன் பெரிய கார்களில் இந்த அமைப்பைக் கொண்டுவந்தது. ஓட்டுநர் பக்கக் கதவில் ஐந்து பொத்தான்கள் ஒரு வரிசையாக இருக்கும். முதல் பொத்தானில் 1, 2 என்றும், அடுத்தவற்றில் 3, 4 என்றும், 5, 6 என்றும், 7, 8 என்றும், 9, 0 என்றும் இரண்டிரண்டு இலக்கங்கள் எழுதியிருக்கும். ஐந்து இலக்க இரகசிய எண்ணை வரிசையாக அழுத்தினால் ஓட்டுநர் கதவு திறக்கும். உடனே 3, 4 உள்ள பொத்தானை அழுத்தினால் மற்றக் கதவுகளும், 5, 6 உள்ள பொத்தானை அழுத்தினால் பின்புற டிக்கியும் திறக்கும். கடைசி இரண்டு பொத்தான்களையும் ஒன்றாக அழுத்தினால் எல்லாக் கதவுகளும் பூட்டிக்கொள்ளும்.

ஒவ்வொரு காருக்கும் ஆலையிலேயே ஓர் எண் கொடுக்கப்படுகிறது. உரிமையாளர் தமக்குப் பிடித்த இன்னோர் எண்ணையும் சேர்த்துக்கொள்ளலாம். அப்படிச் சேர்த்தாலும் ஆலை தந்த எண் அழிந்துவிடுவதில்லை. ஆகவே கைமாறி வாங்கிய காரில் முன்னாள் உரிமையாளரின் நினைவும் ஒரு சாவிதான் என்பதை மறக்கக்கூடாது.

பத்தா, ஐந்தா?

இங்கேதான் எங்கள் கணக்கு தொடங்கியது. பத்து இலக்கங்களைக் கொண்டு ஐந்து இலக்க எண்கள் எத்தனை அமைக்கலாம்? ஒவ்வோர் இடத்திலும் பத்து வகை, எனவே 1,00,000. "ஒரு லட்சமா! திருடன் கிழவனாகிவிடுவான்" என்று பின் வரிசையிலிருந்து ஒருத்தி சொன்னாள். வகுப்பு முழுவதும் சிரித்தது. ஆசிரியையும் சிரித்துவிட்டு, "பொத்தான்கள் எத்தனை?" என்று மட்டும் கேட்டார்.

சிரிப்பு அடங்கியது. காருக்குப் படிக்கத் தெரியாது. எந்தப் பொத்தான் அழுந்தியது என்பது மட்டுமே அதற்குத் தெரியும். 1 என்று நினைத்து அழுத்தினாலும் 2 என்று நினைத்து அழுத்தினாலும் அதற்கு ஒன்றே. எனவே ஒவ்வோர் இடத்திலும் ஐந்து வகைதான். ஐந்தை ஐந்து முறை பெருக்கினால் 3,125. ஒரு லட்சம் என்று நாம் எண்ணியதில் 32 எண்களுக்கு ஒரு கதவு என்று ஆகிவிடுகிறது. இலக்கங்களை இரட்டையாக எழுதியிருப்பதால் பிறந்த நாள், வீட்டு எண் என்று எதையும் நினைவில் வைத்து அழுத்தலாம். நினைவுக்கு அது வசதி. காவலுக்கு அதனால் ஒரு லாபமும் இல்லை.

ஒரு நொடிக்கு ஒரு பொத்தான் என்று அழுத்தினால் 3,125 எண்களுக்கும் 15,625 அழுத்தங்கள் வேண்டும். அதாவது 4 மணி 20 நிமிடத்துக்குச் சற்று மேல். சுமாரான காவல்தானே என்று நினைத்தோம். அதிலும் ஒரு குறுக்கு வழி இருந்தது.

கோத்த மாலை

கார் கடைசியாக அழுத்திய ஐந்தை மட்டுமே பார்ப்பதாக வைத்துக்கொள்வோம். அப்போது ஓர் எண்ணின் வால் அடுத்த எண்ணின் தலையாக உதவும். எளிய உதாரணம்: அ, ஆ என்று இரண்டே பொத்தான்கள், இரகசியம் இரண்டு எழுத்து. இருக்கக்கூடியவை அஅ, அஆ, ஆஆ, ஆஅ என நான்கு. தனித்தனியே அழுத்தினால் எட்டு அழுத்தங்கள். ஆனால் அ-அ-ஆ-ஆ-அ என்று ஐந்தே அழுத்தங்களில் நான்கும் வந்துவிடுகின்றன! பூக்களை உதிரியாக எண்ணாமல் மாலையாகக் கோப்பது போன்றது இது.

டி புருயின் என்ற டச்சுக் கணித அறிஞர் 1946 ஆம் ஆண்டு இத்தகைய மாலைகளைப் பற்றி எழுதினார். இன்றும் இவை அவர் பெயராலேயே வழங்குகின்றன. அவருக்கு முன்பே 1894 இல் ஒரு பிரெஞ்சுக்காரரும் இதைக் கண்டிருந்தார். நம் நாட்டுக்கும் இதில் பங்கு உண்டு. வடமொழி யாப்பு கற்பவர்கள் 'யமாதாராஜபானசலகம்' என்ற ஒரு சொல்லை மனப்பாடம் செய்வது வழக்கம். அதில் பத்து அசைகள். குறிலும் நெடிலும் மூன்று மூன்றாகச் சேரும் எட்டு வகைகளும் அந்தப் பத்து அசைகளுக்குள் ஒன்றன்பின் ஒன்றாக அடங்கியிருக்கின்றன. உடனே விரல்விட்டு எண்ணிப் பார்த்தோம், எட்டும் இருந்தன!

இந்த முறையில் கார்க் கதவுக்கு எத்தனை அழுத்தங்கள் வேண்டும்? முதல் எண்ணுக்கு ஐந்து. பிறகு எண்ணுக்கு ஒன்று. மொத்தம் 3,129. நொடிக்கு ஒன்றாக 52 நிமிடத்தில் முடிந்துவிடும். நான்கு மணி நேரக் காவல் ஒரு மணிக்குள் கரைந்துவிட்டது.

காவலாளியின் பொறுமை

இதற்கு மாற்று இல்லையா? உண்டு. பின்னாளில் வந்த ஃபோர்டு கார்களில் ஏழு தவறான எண்கள், அதாவது தொடர்ந்து 35 அழுத்தங்கள் வீணானால், பலகை ஒரு நிமிடம் வேலை செய்யாமல் நின்று, விளக்கை மினுக்கிக் காட்டும். ஒரு நிமிடம் சிறிதுதானே என்று தோன்றும். ஆனால் 3,129 அழுத்தங்களுக்கு 89 முறையாவது காத்திருக்க வேண்டும். 52 நிமிட வேலை இரண்டு மணி நேரத்தைத் தாண்டிவிடும். தெருவில் நின்று, விளக்கு மினுக்க மினுக்க, அத்தனை நேரம் யார் அழுத்திக்கொண்டிருப்பார்கள்?

வங்கி இயந்திரத்தின் இரகசிய எண் நான்கே இலக்கம். இருக்கக்கூடியவை 10,000 மட்டுமே. ஆயினும் அது நம் பணத்தைக் காப்பது எப்படி? சில தவறுகளுக்குமேல் அட்டையை ஏற்க மறுத்துவிடுவதால்தான். எண் நீளமா என்பதைவிட, தவறுகளுக்குக் கணக்கு வைக்கிறார்களா என்பதே பூட்டில் முதலில் பார்க்க வேண்டியது.

இன்னொரு வேடிக்கையும் கண்டோம். பல ஆண்டுகள் ஒரே எண்ணை அழுத்தினால் அந்தப் பொத்தான்கள் மட்டும் தேய்ந்து பளபளக்கும். இரண்டு பொத்தான்கள் தேய்ந்திருந்தால் இருக்கக்கூடியவை 30 எண்களே. மூன்று என்றால் 150. நான்கு என்றால் 240. ஐந்தும் தேய்ந்திருந்தால்? கூடும் என்றே எல்லோரும் எழுதினோம். ஆனால் ஒவ்வொன்றும் ஒருமுறைதான் வர இயலும் ஆகையால் 120 ஆகக் குறைகிறது! ஆகவே எண்ணை அவ்வப்போது மாற்றுவது நல்லது.

பலகையில்லாத புதுக் கார்களுக்கும் கவலை உண்டு. சாவியைப் பையில் வைத்திருந்தாலே திறக்கும் கார்கள் பல வந்துள்ளன. வீட்டுக்குள் இருக்கும் சாவியின் வானொலி அலையைக் கருவிகொண்டு வாங்கி, வெளியே நிற்கும் காருக்குக் கடத்தித் திறக்கலாம் என்று சுவிட்சர்லாந்தின் சூரிச் நகர ஆய்வாளர்கள் 2011 இல் பத்து வகைக் கார்களில் செய்தே காட்டினார்கள். எண் பலகையின் இரகசியமோ காற்றில் உலவுவதில்லை. நம் மனத்தில் இருக்கிறது.

பிள்ளை உள்ளே, சாவி உள்ளே

இத்தனை குறைகளைச் சொன்ன பிறகு, "அப்படியானால் இது எதற்கு?" என்று ஒருத்தி கேட்டாள். அதற்கு ஆசிரியை சொன்ன விடைதான் எங்கள் மனத்தில் நின்றது.

கடைவாசலில் ஒரு தாய். குழந்தையை இருக்கையில் உட்காரவைக்கிறாள், சாவியையும் பையையும் பக்கத்தில் வைக்கிறாள், கதவைச் சாத்துகிறாள். அது பூட்டிக்கொள்கிறது. வெயிலில் நிற்கும் மூடிய காருக்குள் ஒரு மணி நேரத்தில் வெப்பம் சுமார் 22 டிகிரி செல்சியஸ் ஏறுகிறது. அதில் பெரும்பகுதி முதல் அரை மணிக்குள்ளேயே ஏறிவிடும். சிறு குழந்தையின் உடல் பெரியவர்களின் உடலைவிட விரைவில் சூடாகும். அந்தத் தாய்க்கு ஐந்து இலக்கம் நினைவிருந்தால் சில நொடிகளில் கதவு திறக்கும். பலகை இல்லாத காரானால் தயங்காமல் உதவிக்குக் கூவி, குழந்தைக்கு எட்ட உள்ள சன்னல் கண்ணாடியை உடைத்துவிட வேண்டும். கண்ணாடியை வாங்கிக்கொள்ளலாம்.

அன்புத் தோழியரே, பெற்றோரே! திருடனை வெளியே நிறுத்துவது பூட்டின் ஒரு வேலை. உரியவரை உள்ளே விடுவது மற்றொரு வேலை. இரண்டையும் செய்வதுதான் நல்ல பூட்டு. எண்ணைச் சீட்டில் எழுதி வண்டிக்குள் வைக்காதீர்கள். பிறந்த ஆண்டை எண்ணாக வைக்காதீர்கள். வீட்டில் நம்பிக்கையான ஒருவருக்காவது அதைச் சொல்லிவையுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, கதவைச் சாத்துமுன் பின்னிருக்கையை ஒருமுறை திரும்பிப் பாருங்கள்.