மட்கார்டில் கை வைக்கும் முன் டேப் வைத்து அளந்து பாருங்கள்

சேற்றில் சக்கரம் வழுக்குகிறது, பாரம் ஏற்றிய டிப்பரை இழுக்கத் திணறுகிறது என்று டிராக்டருக்குப் பெரிய பின் டயர் மாட்டுகிறவர்கள் உண்டு. 13.6-28 இருந்த இடத்தில் 14.9-28 ஏறும். சிலர் 16.9-28 வரை போகிறார்கள். ஏற்றிய பிறகுதான் டயர் மட்கார்டில் உரசுவது தெரியும். பட்டறைக்காரர் கிரைண்டரை எடுத்து, அரை மணி நேரத்தில் தகட்டை வெட்டி எறிந்துவிடுவார். வெட்டிய தகட்டைத் திரும்ப ஒட்ட முடியாது. அதனால் அதற்கு முன் சில கணக்குகளைப் பார்த்துவிடுங்கள்.

பெரிய டயர் உண்மையிலேயே தேவையா என்பது முதல் கணக்கு. பின் டயரில் சுண்ணாம்பால் ஒரு கோடு போடுங்கள். கலப்பையைத் தூக்கிக்கொண்டு, சக்கரம் 10 சுற்று சுற்றும் தூரத்தை அளந்துகொள்ளுங்கள். 40 மீட்டர் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அதே நிலத்தில் கலப்பையை இறக்கி உழும்போது 10 சுற்றுக்கு 34 மீட்டர் வந்தால் வழுக்கல் 15 சதவீதம். டூ வீல் டிரைவ் டிராக்டருக்கு 10 முதல் 15 சதவீதம் வரை சரிதான். 30 மீட்டர்தான் வருகிறது என்றால் 25 சதவீதம் வழுக்குகிறது. நீங்கள் ஊற்றும் டீசலில் கால் பங்கு தூரம் வீணாகச் சுற்றுகிறது. அப்போதும் உடனே டயர் கடைக்குப் போக வேண்டாம். பட்டன் தேய்ந்திருக்கிறதா, காற்று அதிகமாக இருக்கிறதா என்று பாருங்கள். டயரில் முக்கால் பங்கு தண்ணீர் நிரப்பியோ, சக்கரத்தில் இரும்பு எடை மாட்டியோ ஓட்டி மறுபடி அளங்கள். நஞ்சையில் சேற்றுழவுதான் பிரச்சினை என்றால், டயருக்கு வெளியே மாட்டும் அரை கேஜ் வீல் செய்யும் வேலையை 14.9 டயர் செய்யாது.

இவ்வளவும் பார்த்த பிறகும் பெரிய டயர்தான் வேண்டும் என்றால், டிராக்டரோடு வந்த கையேட்டைப் புரட்டுங்கள். பல மாடல்களுக்குக் கம்பெனியே இரண்டு டயர் அளவுகளைக் கொடுத்திருக்கும். அந்த இரண்டில் பெரியதை மாட்டினால் மட்கார்டை வெட்ட வேண்டியிருக்காது. வெட்டித்தான் ஆக வேண்டும் என்ற நிலை வந்தாலே, கம்பெனி அனுமதித்த அளவைத் தாண்டிவிட்டீர்களோ என்று சந்தேகப்பட வேண்டும். ஆர்.சி.யில் உள்ள விவரங்கள் கம்பெனி குறித்த விவரங்களிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு. விபத்து நடந்த பிறகு இன்சூரன்ஸ் கேட்டுப் போகும்போது இதைத் தெரிந்துகொள்வதில் பயனில்லை.

13.6-28 டயரின் விட்டம் சுமார் 131 செ.மீ.; 14.9-28 சுமார் 136 செ.மீ. அகலத்தில் மூன்று செ.மீ.க்குக் கொஞ்சம் அதிகம். பார்க்கச் சின்ன வித்தியாசம்தான். ஆனால் சக்கரம் ஒரு சுற்றுக்கு 4 சதவீதம் கூடுதல் தூரம் போகும். அதே அளவுக்கு இழுவை குறையும். பிரேக்குக்கும் வேலை கூடும். ரோட்டவேட்டர் ஓட்டினால் அதே கியரில் மண் சற்றுக் கட்டியாக விழும். ஃபோர் வீல் டிரைவ் வைத்திருப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். முன் சக்கரம் பின் சக்கரத்தைவிட 1 முதல் 5 சதவீதம் முந்தி ஓடும்படிதான் பல் சக்கரங்கள் அமைக்கப்பட்டுள்ளன. பின் டயரை மட்டும் பெரிதாக்கினால் அந்த முந்தல் போய்விடும். முன் சக்கரம் இழுப்பதற்குப் பதிலாக இழுபடும். டயர் தேய்வதோடு முன் ஆக்சிலின் பல் சக்கரங்களும் அடிபடும். மாற்றுவதானால் முன், பின் இரண்டையும் ஜோடியாகத்தான் மாற்ற வேண்டும்.

இனி உரசல். மலைப் பாதைகளில் ஜீப் ஓட்டுகிறவர்கள் பெரிய டயருக்காக மட்கார்டைத் தாராளமாக வெட்டுவதைப் பார்த்துவிட்டு நம்மவர்களும் அதே அளவுக்கு வெட்டுகிறார்கள். ஜீப்பில் ஸ்பிரிங் உண்டு, பள்ளத்தில் சக்கரம் மேலே ஏறும். அதற்கு இடம் விட வேண்டும். டிராக்டரின் பின் ஆக்சிலுக்கு ஸ்பிரிங் கிடையாது. மட்கார்டும் ஆக்சிலோடு சேர்த்தே முடுக்கப்பட்டிருக்கும். நிற்கும்போது உள்ள இடைவெளிதான் ஓடும்போதும் இருக்கும். பட்டனில் ஒட்டும் மண்ணுக்கு மட்டும் இடம் போதும். கரிசலில் கொஞ்சம் கூடுதலாக விடுங்கள்.

எந்த இடத்தில் உரசுகிறது என்று சக்கரத்தைக் கையால் மெதுவாகச் சுற்றிப் பாருங்கள். ஓட்டுநர் பக்கத்து உள் சுவரில் உரசினால் வெட்டவே வேண்டாம். சக்கர அகலத்தைக் கூட்டினால் போதும். பெரும்பாலான டிராக்டர்களில் டிஸ்க்கைத் திருப்பியும் ரிம்மின் காதுகளை மாற்றியும் சுமார் 10 செ.மீ. வீதம் அகலப்படுத்தலாம். மாட்டி முடித்ததும் டயரில் உள்ள அம்புக்குறி முன்னோக்கிச் சுற்றுகிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் இடது, வலது சக்கரங்களை மாற்றி மாட்டுங்கள். பார் போட்ட வயலில் உங்கள் வரிசை இடைவெளிக்கு அந்த அகலம் ஒத்துவருமா என்பதையும் யோசிக்க வேண்டும். மேல் பக்கம் உரசினால், மட்கார்டு உட்காரும் இடத்தில் கனமான தகடு வைத்து நீளமான போல்ட்டால் உயர்த்தலாம்.

வெளி விளிம்பு உரசினால் மட்டுமே வெட்டுங்கள். உள் சுவரை மட்டும் எக்காரணத்தாலும் தொடாதீர்கள். ஓட்டுநரின் தோளில் கிடக்கும் துண்டுக்கும் சுற்றும் பட்டனுக்கும் நடுவில் இருப்பது அந்த ஒரு தகடுதான். மட்கார்டில் ஆள் உட்காரக் கூடாது என்று எத்தனை முறை சொன்னாலும், நடவுக்குப் போகும்போது இரண்டு பேர் உட்கார்ந்துதான் வருகிறார்கள். விளிம்பு குறைந்த மட்கார்டில் சேலை முந்தானை தொங்கினால் டயர் நொடியில் இழுத்துவிடும். வெட்டிய பிறகு ஒருவரையும் அதில் ஏற்றாதீர்கள். பாதுகாப்புச் சட்டமோ கூரையோ மட்கார்டில் பொருத்தப்பட்டிருந்தால் அதை வெட்டுவதே கூடாது.

வெட்டும்போது மட்கார்டைக் கழற்றிக் கீழே வைத்து வெட்டச் சொல்லுங்கள். வண்டியில் இருக்கும்போதே வெட்டினால் தீப்பொறி டயரிலும் ஒயரிலும் விழும். இண்டிகேட்டர் ஒயர் போகும் பாதையைச் சாக்பீஸால் குறித்துக்கொள்ளுங்கள். வெட்டிய விளிம்பில் 6 மி.மீ. கம்பியை வளைத்துப் பற்றவைத்தால் தகடு நடுங்காது, கையையும் கிழிக்காது. மேலே ரெட் ஆக்சைடு பூசாமல் விட்டால் ஒரு மழைக்காலத்திலேயே துரு பிடிக்கும். புது டயருக்கு ரிம் சேரவில்லை என்று, டயர் மாட்டிய ரிம்மில் வெல்டிங் வைக்க யாராவது முனைந்தால் தடுத்துவிடுங்கள். சூட்டில் டயர் வெடித்து ஆளையே கொன்றுவிடும். காற்றை இறக்கிவிட்டாலும் இந்த ஆபத்து போகாது.

பெரிய டயரில் பழைய காற்றழுத்தத்தையே வைத்து ஓட்டினால் மண் இறுக்கம் குறையும் என்று எதிர்பார்க்க வேண்டாம். வயலில் அழுத்தத்தை அந்த டயருக்குச் சொல்லப்பட்ட குறைந்த அளவுக்கு இறக்கினால்தான் பாரம் அகலமாகப் பரவும். டிப்பர் இழுக்கும் நாளில் மறக்காமல் ஏற்றிவிடுங்கள். முதல் நாள் உழவு முடிந்ததும் சக்கர போல்ட்டுகளை மறுபடி முடுக்கிவிட்டு, டயரின் பட்டனில் மட்கார்டு பெயிண்ட் ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். ஒட்டியிருந்தால் இன்னும் எங்கோ உரசுகிறது. இடத்தைக் கண்டுபிடிக்காமல் மறுநாள் வண்டியை எடுக்காதீர்கள்.