மலை ஏற மாமியாரும் வரலாம்!



பள்ளிக்கூடம் லீவு விட்டால் போதும், "எங்கேயாவது கூட்டிட்டுப் போம்மா" என்று பிள்ளைகள் நச்சரிப்பது எல்லா வீட்டிலும் நடப்பதுதான். ஊட்டி, கொடைக்கானல் என்று கிளம்பினால் ரூம் வாடகை, வேன் வாடகை, ஓட்டல் சாப்பாடு என்று ஒரு மாதச் சம்பளமே கரைந்து போகிறது. போய்விட்டு வந்தபின் துண்டு விழுவதைச் சரிக்கட்ட மளிகை லிஸ்ட்டில் கை வைப்பது யார்? இல்லத்தரசிகளான நாம்தானே!

என்னவர் பட்டறையில் வேலை பார்ப்பவர். ஏழாவது படிக்கும் பெண், நாலாவது படிக்கும் பையன், கூடவே அறுபத்தேழு வயதில் மாமியார். இந்தக் குடும்பத்துக்கு எது கட்டுப்படியாகும் என்று யோசித்துத்தான் ஒரு ஏற்பாடு செய்தோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஒரு மலை, கட்டுச்சாதம். ராத் தங்கல் கிடையாது. நாங்கள் இருப்பது திருச்சியில். இங்கிருந்து சுமார் 55 கிலோ மீட்டரில் இருக்கும் புதுக்கோட்டையைச் சுற்றி, ஏறி விளையாட மலையும் உண்டு; அந்த மலைக்கு ஆயிரம், இரண்டாயிரம் வருஷத்துக் கதையும் உண்டு. பிள்ளைகளுக்கு வேறென்ன வேண்டும்?

இடங்களைப் பற்றிச் சொல்வதற்கு முன் ஒரு விஷயம். குடும்பத்தோடு மலை, கோட்டை என்று போகும்போது கவனித்திருக்கிறீர்களா? ஆண்களும் பிள்ளைகளும் குதித்துக்கொண்டு மேலே போவார்கள். வீட்டுப் பெண்கள் அடிவாரத்தில் பையையும் செருப்பையும் காவல் காத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். விடியக்காலம் நாலு மணிக்கு எழுந்து புளிசாதம் கிளறியது அவள். மேலே நின்று காற்று வாங்குவது மற்றவர்கள்! எங்கள் வீட்டிலும் முதல் ஞாயிறு இதே பேச்சு வந்தது. "நீயும் அம்மாவும் கீழே அம்மன் கோயில்ல இருங்க, நாங்க பார்த்துட்டு வந்துடறோம்" என்றார் என்னவர். நான் வாயைத் திறப்பதற்குள் என் பெண் கேட்டாள்: "அப்ப அம்மா எப்பத்தான் பார்க்கறது?" அவருக்குப் பதில் இல்லை. அன்றைக்கு ஐந்து பேரும் ஏறினோம்.

முதல் ஞாயிறு - நார்த்தாமலை

திருச்சி - புதுக்கோட்டை பஸ்ஸில் ஏறி, நார்த்தாமலை போகும் பிரிவில் இறங்கிக்கொண்டோம். அங்கிருந்து ஊர் ரெண்டு கிலோ மீட்டர் போல இருக்கும். ஆட்டோ பிடித்தோம். பங்குனித் திருவிழாவுக்குப் பேர் போன முத்துமாரியம்மன் கோயில் இங்கேதான் இருக்கிறது. அம்மனைக் கும்பிட்டுவிட்டு மேலமலைக்கு நடையைக் கட்டினோம்.

படிக்கட்டெல்லாம் எதிர்பார்க்காதீர்கள். சரிந்து படுத்த யானை முதுகு மாதிரி வழவழவென்று ஒரே பாறை. அதில் நடந்துதான் ஏற வேண்டும். பையனுக்கு அதுவே கொண்டாட்டம்! மாமியார் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, "வயக்காட்டு வரப்புல நடந்த காலுடி இது" என்று சொல்லி விறுவிறுவென்று நடந்தார். நாலு இடத்தில் உட்கார்ந்தோம், மோர் குடித்தோம், மறுபடி நடந்தோம். வழியில் பாறைக்குள்ளே சுனைகள். தலையருவிச் சிங்கம் என்ற சுனையில், தண்ணீருக்கு அடியில் பாறையைக் குடைந்து ஒரு சிவலிங்கம் இருக்கிறதாம். தண்ணீரை இறைத்தால்தான் தரிசனம்! எட்டி நின்று பார்த்துவிட்டு நகர்ந்தோம்.

மேலே போனால் விஜயாலய சோழீஸ்வரம். ஆயிரத்து நூறு வருஷத்துக்கும் மேலான கற்கோயில். வெளியிலிருந்து பார்த்தால் சதுரம். உள்ளே கருவறை வட்டம். இது பிள்ளைகளுக்குப் பெரிய அதிசயமாக இருந்தது. பெயர்தான் சோழ ராஜா பெயர். சாத்தன் பூதி என்ற முத்தரையர் தலைவர் எடுப்பித்த கோயில் மழையில் இடிந்துபோக, மல்லன் விடுமன் என்பவர் அதைப் புதுப்பித்தார் என்று அங்குள்ள கல்வெட்டே சொல்கிறது. இடிந்ததை அப்படியே விட்டுவிடாமல் எடுத்துக் கட்டினார்களே என்று பெரியவர் ஆச்சரியப்பட்டார்.

எதிரே பாறையில் குடைந்த இரண்டு குகைக் கோயில்கள். பெரிய குகையில் பெருமாள் சிலைகள், கிட்டத்தட்ட ஒரே அச்சில் வார்த்தாற்போல வரிசையாகப் பன்னிரண்டு. எண்ணச் சொன்னால் பையன் மூன்று தடவை எண்ணினான். அடியிலே யானை, சிங்கம், யாளி என்று கல்லில் ஊர்வலம் போகிறது.

சின்னக் குகையின் பெயர் பழியிலி ஈஸ்வரம். சாத்தன் பழியிலி என்பவர் 9-ம் நூற்றாண்டில் குடைந்தது. அவருக்குப் பின் அதற்கு முகமண்டபமும் நந்தியும் செய்து வைத்தது யார் தெரியுமா? அவர் மகள், பழியிலி சிறிய நங்கை! இதைச் சொன்னதும் என் பெண் அங்கேயே நின்றுவிட்டாள். "பொண்ணு பேரைக் கல்லுல வெட்டினாங்களாம்மா?" என்றாள். ஆமாம் கண்ணே, வெட்டித்தான் வைத்திருக்கிறார்கள். அந்தக் காலத்திலேயே ஒரு பெண் இந்த மலைமேல் மண்டபம் கட்டியிருக்கிறாள். அதைப் பார்க்கக்கூட நாம் மேலே ஏறக்கூடாது, கீழே பை காக்க வேண்டும் என்றால் என்ன நியாயம், நீங்களே சொல்லுங்கள்!

இரண்டாவது ஞாயிறு - சித்தன்னவாசல்

புதுக்கோட்டையிலிருந்து அன்னவாசல் போகும் சாலையில் சுமார் 15 கிலோ மீட்டர். இங்கே பார்க்க இரண்டு இருக்கிறது. வயதானவர்களுக்கு அறிவர் கோயில். கொஞ்சம் படி ஏறினால் போதும். சமணர்களின் குகைக் கோயில் இது. உள்ளே விதானத்தில் தாமரைக் குளம் ஒன்றை வரைந்திருக்கிறார்கள். மீன், யானை, எருமை, அன்னம், பூப்பறிக்கும் ஆட்கள் எல்லாம் அதில் உண்டு. பாண்டியன் ஸ்ரீமாற ஸ்ரீவல்லபன் காலத்தில், 9-ம் நூற்றாண்டில், மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் இந்தக் கோயிலைச் சீர்ப்படுத்தினார் என்று கல்வெட்டு இருக்கிறது. தூணில் ஆடும் பெண்களின் ஒயிலைப் பார்க்க வேண்டுமே! ஆனால் நிறைய அழிந்துவிட்டது. மிச்சமிருப்பதையாவது நம் பேரப்பிள்ளைகள் பார்க்க வேண்டாமா? சுவரைத் தொடாதே, கிறுக்காதே என்று வீட்டிலேயே சொல்லிக் கூட்டிப் போங்கள்.

இளவட்டங்களுக்கு ஏழடிப்பட்டம். மலையின் ஒரு பக்கம் ஏறி, முகட்டைத் தாண்டி, மறுபக்கச் சரிவில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நடக்க வேண்டும். அந்தக் காலத்தில் கம்பி ஏது? கால் வைக்கப் பாறையில் வெட்டிய ஏழு குழிகள்தான். அதனால்தான் அந்தப் பெயர். போய்ச் சேர்ந்தால் இயற்கையான ஒரு குகை. அதில் சமண முனிவர்கள் படுத்த 17 கல் படுக்கைகள். தலைமாட்டில் தலையணை மாதிரி மேடு வேறு. "தலகாணி கூடக் கல்லா!" என்று பையன் வாயைப் பிளந்தான். ஒரு படுக்கையில் தமிழ் பிராமி எழுத்து இருக்கிறது. சுமார் இரண்டாயிரம் வருஷத்துக்கு முந்தியது. எருமை நாட்டில் பிறந்த ஒரு துறவிக்கு இந்த இருக்கையைச் செய்து கொடுத்தார்கள் என்பது சேதி. நம் தமிழ்தான், எழுத்துதான் நமக்குப் புரியவில்லை.

இங்கே மாமியார் தாமாகவே, "எனக்குத் தலை சுத்தும், நான் வரலை" என்று சொல்லிவிட்டார். அவரைத் தனியாக விட மனசில்லை. அதற்காக நான் உட்கார்ந்துவிடவும் இல்லை. முறை வைத்துக்கொண்டோம். முதலில் நானும் பெண்ணும் போய் வந்தோம். என்னவர் பையையும் அம்மாவையும் பார்த்துக்கொண்டார். பிறகு அவரும் பையனும் போனார்கள். ஒரு மணி நேரம் கூடுதலாக ஆயிற்று. அவ்வளவுதான். இந்த முறை வைக்கும் பழக்கத்தை எல்லோர் வீட்டிலும் செய்து பார்க்கலாம்.

இன்னும் இரண்டு இடங்கள்

காரைக்குடி சாலையில், புதுக்கோட்டையிலிருந்து சுமார் 20 கிலோ மீட்டரில் திருமயம். 1687-ல் ராமநாதபுரம் கிழவன் சேதுபதி கட்டிய கோட்டை. ஏறுவது சுலபம். உச்சியில் பீரங்கி இருப்பதால் பையன்களைக் கீழே இறக்குவதுதான் கஷ்டம்! அடிவாரத்தில் சிவன் கோயிலும் பெருமாள் கோயிலும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. இரண்டுக்கும் நடந்த வழக்கை 1245-ல் அப்பண்ணர் என்ற ஹொய்சாளத் தளபதி தீர்த்து வைத்ததாகக் கல்வெட்டு. சுதந்திரப் போராட்ட வீரர் தீரர் சத்தியமூர்த்தி 1887-ல் பிறந்த ஊரும் இதுவே.

குடுமியான்மலையில் 7-ம் நூற்றாண்டு இசைக் கல்வெட்டு இருக்கிறது. சுவரங்களையே பாறையில் வரிசையாக வெட்டி வைத்திருக்கிறார்கள். பாட்டு படிக்கும் பெண் குழந்தை இருந்தால் கட்டாயம் காட்டுங்கள். அங்கே அம்மன் சன்னதியை எழுப்பியதும் உமையாள்வி நாச்சி என்ற ஒரு பெண்தான்.

வெயில் ஏறிவிட்டால் திருக்கோகர்ணத்தில் உள்ள அரசு மியூசியத்துக்குப் போய்விடலாம். 1910-ல் ஆரம்பித்தது. விடுமுறை நாள் எது என்று விசாரித்துக்கொண்டு போங்கள்.

என்ன செலவு ஆனது?

நார்த்தாமலைக்கு ஐந்து பேருக்கும் பஸ், ஆட்டோ எல்லாம் சேர்த்து எழுநூறு ரூபாய்க்குள் முடிந்தது. சாதாரண டவுன் பஸ்களில் 2021-லிருந்து பெண்களுக்கு டிக்கெட் இல்லை என்பதால், புதுக்கோட்டையிலிருந்து டவுன் பஸ் பார்த்துப் போனால் இன்னும் மிச்சம். சித்தன்னவாசலிலும் திருமயத்திலும் தொல்லியல் துறை நுழைவுக் கட்டணம் உண்டு, சின்னத் தொகைதான். 15 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கு அதுவும் கிடையாது.

தோழிகளுக்குச் சில யோசனைகள்

* மார்கழி, தை மாதங்கள் உத்தமம். சித்திரை, வைகாசியில் பாறை தோசைக்கல் மாதிரி கொதிக்கும். எந்த மாதமானாலும் காலை ஏழு மணிக்கு ஏற ஆரம்பித்துப் பத்துக்குள் இறங்கிவிடுங்கள்.

* மழை பெய்திருந்தால் பாறை வழுக்கும். அன்றைக்குப் பயணத்தைத் தள்ளிப் போடுங்கள். இடி மின்னல் தெரிந்தால் உடனே இறங்கிவிடுங்கள்.

* சுனை பார்க்க அழகாக இருக்கும். ஆழம் தெரியாது. பிள்ளைகளைக் கால் நனைக்கக் கூட விடாதீர்கள்.

* எலுமிச்சை சாதம், புளிசாதம், தயிர் சாதம் போதும். மூடி இறுக்கமான சம்படத்தில் வையுங்கள். கையில் பிளாஸ்டிக் கவரைக் கண்டால் குரங்கு விடாது.

* ஆளுக்கொரு தோள்பை, அவரவர் தண்ணீர் பாட்டில் அவரவர் பையில். காவல் காக்கப் பை இல்லையென்றால் காவலுக்கு ஆளும் வேண்டாம் பாருங்கள்!

* புடவையைவிடச் சுடிதார் வசதி. எனக்கு மாமியாரே எடுத்துக் கொடுத்தார்.

* மலைமேல் கழிப்பறை கிடையாது. பஸ் ஸ்டாண்டிலேயே போய்விட்டுக் கிளம்புங்கள். அதற்காகத் தண்ணீர் குடிக்காமல் இருக்காதீர்கள். வெயிலில் மயக்கம் வந்துவிடும்.

கடைசியாகச் சொன்ன யோசனைதான் உண்மையில் பெரிய பிரச்சினை. பல பெண்கள் "நான் வரலை" என்று ஒதுங்குவது கால் வலியால் அல்ல, இதனால்தான். பழைய இடங்களைப் பாதுகாக்கும் பொறுப்பில் உள்ளவர்கள், ஒவ்வொரு மலை அடிவாரத்திலும் தண்ணீர் வசதியுள்ள ஒரு கழிப்பறையைப் பெண்களுக்கென்று சுத்தமாக வைத்தால் எத்தனையோ குடும்பங்கள் வரும். உங்கள் பத்திரிகை மூலமாக இதைக் கேட்டுக்கொள்கிறேன்.

பிள்ளைகள் பாடப் புத்தகத்தில் படிக்கும் சோழனும் பாண்டியனும் ஏதோ தூர தேசத்து ஆட்கள் இல்லை. நம் ஊர் பஸ் போகிற இடத்தில்தான் இருந்திருக்கிறார்கள். இதை அவர்கள் காலால் நடந்து தெரிந்துகொள்ளட்டும். கூடவே நாமும் ஏறுவோம். உங்கள் ஊர்ப் பக்கமும் இப்படி ஒரு மலையோ கோட்டையோ கட்டாயம் இருக்கும். போய் வந்து நீங்களும் இந்தப் பகுதிக்கு எழுதுங்களேன். அடுத்த லீவுக்கு எங்களுக்கு உதவும்!

- ஒரு வாசகி, திருச்சி.