கொஞ்சம் காற்று வரட்டும்

இமயமலை ட்ரெக்கிங்கிற்குத் தயாராகிறவர்கள் கடையில் விண்ட்சீட்டரைக் கையில் எடுத்ததும் கேட்கும் முதல் கேள்வி, “காத்து உள்ள வராதுல்ல?” என்பதுதான். “துளிகூட வராது சார்” என்று பதில் வந்தால் வாங்கிவிடுகிறார்கள். ஓரிடத்தில் நின்றுகொண்டிருப்பதற்கு அது நல்ல சட்டை. மூச்சு வாங்க மலை ஏறுவதற்கோ, கொஞ்சம் காற்று உள்ளே வருகிற சட்டைதான் நல்லது.

கம்பளியோ ஃப்ளீஸோ தானாகச் சூடு தருவதில்லை. அவற்றின் இழைகளுக்கு நடுவே அசையாமல் தேங்கி நிற்கும் காற்றுதான் உடலின் சூட்டைக் காக்கிறது. தோலை ஒட்டியும் சில மில்லிமீட்டர் கனத்துக்கு வெதுவெதுப்பான காற்று ஓர் ஏடாகப் படிந்திருக்கிறது. வெளிக்காற்று வீசினால் அந்த ஏடு கலைந்துபோகும், அந்த இடத்தைக் குளிர்ந்த காற்று பிடித்துக்கொள்ளும். சூடான காபியை ஊதி ஆற்றுவதும் இதே கணக்குதான். ஃப்ளீஸின் பின்னல் திறந்த பின்னல் என்பதால் காற்று அதற்குள் தாராளமாகப் புகுந்து வெளியேறும். காற்றில்லாத முகாமில் இதமாக இருந்த ஃப்ளீஸ், மலைமுகட்டை எட்டியதும் இல்லாததுபோல் ஆகிவிடுவது இதனால்தான்.

இந்த இழப்பை அளந்து பார்த்தவர்கள் பால் சைப்பிள், சார்லஸ் பாசெல் என்ற இரு அமெரிக்கர்கள். 1941-இல் அண்டார்க்டிகாவில் குளிர்காலத்தைக் கழித்த அவர்கள், பிளாஸ்டிக் உருளையில் நீர் நிரப்பி வெட்டவெளியில் தொங்கவிட்டார்கள். காற்றின் வேகத்துக்கும் குளிருக்கும் ஏற்ப அந்த நீர் உறைய எவ்வளவு நேரம் பிடிக்கிறது என்று குறித்துக்கொண்டே வந்தார்கள். இன்று வானிலை அறிக்கைகளில் வரும் ‘காற்றுக்குளிர்’ கணக்குக்கு வித்து அதுதான். 2001-இல் அமெரிக்காவும் கனடாவும் அந்தச் சூத்திரத்தைத் திருத்தின. இம்முறை காற்றுச் சுரங்கத்தில் மனிதர்களை நடக்கவிட்டு, முகத்திலிருந்து வெளியேறும் சூட்டையே அளந்தார்கள். புதிய சூத்திரத்தின்படி, மைனஸ் 5 டிகிரியில் மணிக்கு 30 கிலோமீட்டர் காற்றடித்தால் மூடாத முகத்துக்கு அது மைனஸ் 13 டிகிரி போல உறைக்கும். சுமார் 100 கிராம் எடையுள்ள ஒரு மெல்லிய நைலான் சட்டை இந்த இழப்பில் பெரும்பங்கைத் தடுத்துவிடுகிறது. எடைக்கு எடை பார்த்தால், மலையேற்றப் பையில் இதைவிடப் பயன்தரும் துணி வேறில்லை என்பது என் எண்ணம்.

அப்படியானால் காற்றை முழுவதுமாக அடைத்துவிடலாமே என்று தோன்றும். சிக்கல் வியர்வையில் இருக்கிறது. சும்மா உட்கார்ந்திருக்கும்போது நம் உடல் சுமார் 100 வாட் ஆற்றலைச் செலவழிக்கிறது. முதுகில் பையோடு செங்குத்தாக ஏறும்போது அது 500 வாட்டைத் தாண்டும். அதில் முக்கால் பங்குக்குமேல் வெறும் சூடாகவே வெளியேற வேண்டும். உத்தராகண்டின் கேதார்காந்தா சிகரம் சுமார் 3,800 மீட்டர் உயரம். குளிர்காலத்தில் விடியலுக்கு முன்பே அங்கே ஏறத் தொடங்குகிறவர்கள் நடுங்கிக்கொண்டே கிளம்புவார்கள், அரை மணி நேரத்தில் முதுகு நனைந்துவிடும். காற்றே புகாத ஜாக்கெட்டுக்குள் அந்த ஈரம் தங்கி ஃப்ளீஸில் ஊறும். நீர் காற்றைவிட இருபது மடங்குக்கும் மேல் வேகமாகச் சூட்டைக் கடத்தும். ஏறி முடித்து மேலே நின்றதும் உடல் சூட்டை உண்டாக்குவது சட்டென்று குறையும், ஆனால் ஈரம் அப்படியே இருக்கும். உடம்பு உதறத் தொடங்குவது அங்கேதான்.

இதை அற்பமாக நினைக்கக் கூடாது. 1964 மார்ச்சில் இங்கிலாந்தின் பீக் டிஸ்ட்ரிக்ட் மேட்டுநிலத்தில் ‘ஃபோர் இன்ஸ்’ என்ற நீண்ட நடைப்போட்டி நடந்தது. மழையும் காற்றும் சேர்ந்து அடித்ததில் திடகாத்திரமான மூன்று இளைஞர்கள் உடல் வெப்பம் குன்றி இறந்துபோனார்கள். 1953 எவரெஸ்ட் பயணத்தில் உடலியல் ஆய்வாளராகச் சென்ற கிரிஃபித் பியூ அந்தச் சாவுகளை ஆராய்ந்தார். பிறகு ஆய்வகத்திலும் அதே நிலைமையை உண்டாக்கிப் பார்த்தார். உலர்ந்திருக்கும்போது போதுமானதாக இருந்த உடை, நனைந்து அதன்மேல் காற்றும் அடித்தால் தன் காப்பில் பெரும்பகுதியை இழந்துவிடுகிறது என்பது தெளிவானது. பீக் டிஸ்ட்ரிக்ட்டில் ஈரம் வானத்திலிருந்து வந்தது. நம் விஷயத்தில் அது உள்ளிருந்து வருகிறது. இரண்டுக்கும் உடல் ஒரே மாதிரிதான் விலை கொடுக்கிறது.

ஆகவே துணி எவ்வளவு காற்றை விடுகிறது என்பதே கேட்க வேண்டிய கேள்வி. ஆய்வகங்களில் இதை, ஒரு சதுர அடித் துணி வழியே நிமிடத்துக்கு எத்தனை கன அடி காற்று போகிறது என்று அளக்கிறார்கள். வழக்கமாகத் துணியின் இரு பக்கங்களுக்கும் இடையே 125 பாஸ்கல் அழுத்த வேறுபாட்டை வைப்பார்கள். மணிக்கு சுமார் 50 கிலோமீட்டர் வேகக் காற்று முகத்தில் மோதினால் உண்டாகும் அழுத்தம் அது. காற்றின் வேகம் இரட்டித்தால் அழுத்தம் நான்கு மடங்காகும் என்பதால், சமவெளித் தென்றலில் நன்றாக இருந்த சட்டை முகட்டில் ஓட்டைபோலத் தோன்றலாம். சவ்வு ஒட்டிய ஜாக்கெட்டுகள் இந்த அளவையில் ஒன்றுக்கும் கீழே நிற்கும். சாதாரண ஃப்ளீஸ் நூறைத் தாண்டும். ஏறுவதற்கு நான் பரிந்துரைப்பது பத்திலிருந்து முப்பது வரை. இந்த அளவில் பனிக்காற்றின் கூர்மை மழுங்கும், உள்ளே தேங்கும் ஈரக்காற்றும் மெல்ல மாறிக்கொண்டே இருக்கும். சவ்வு வழியே ஆவி தானாக ஊடுருவி வெளியேறக் காத்திருப்பதைவிட, கசியும் காற்றோடு சேர்ந்து போவது பல மடங்கு வேகம்.

பெரும்பாலான நிறுவனங்கள் இந்த எண்ணை அட்டையில் அச்சிடுவதில்லை. அச்சிடச் சொல்லி வாங்குகிறவர்கள் கேட்க வேண்டும். அதுவரை ஒரு வழி இருக்கிறது. துணியின் ஒற்றை அடுக்கை உதடுகளோடு இறுக்கி வைத்து, மறுபுறம் உள்ளங்கையை வைத்துக்கொண்டு பலமாக ஊதுங்கள். கன்னம் உப்பி, கையில் எதுவுமே படவில்லை என்றால் அது காற்றை அடைக்கும் துணி. தடையே தெரியாமல் மூச்சு ஓடிவிட்டால் அதனால் பயனில்லை. கொஞ்சம் முயன்று ஊதியதும் உள்ளங்கையில் லேசான வெதுவெதுப்பு பரவினால், அதுதான் நாம் தேடுவது. இரண்டு மூன்று சட்டைகளை அடுத்தடுத்து ஊதிப் பார்த்தால் வித்தியாசம் நன்றாகவே பிடிபடும்.

நூலின் பருமனை டெனியரில் சொல்வார்கள். 9,000 மீட்டர் நூலின் எடை எத்தனை கிராமோ அத்தனை டெனியர். 10 டெனியர் துணி இறகுபோல இருக்கும், ஆனால் முள்ளில் மாட்டினால் கிழியும். பையின் பட்டை நாள் முழுக்கத் தோளில் உரசும் நடைக்கு 20 டெனியர் தாங்கும். இருபது முப்பது கிராம் கூடினாலும் நான் அதையே எடுப்பேன். அளவு முக்கியம். ஃப்ளீஸை நசுக்கும் இறுக்கமான சட்டை, எந்தக் காற்றைக் காக்க வாங்கினோமோ அதையே பிதுக்கி வெளியேற்றிவிடும். கழுத்திலிருந்து இடுப்புவரை ஜிப் இருந்தால், வியர்ப்பதற்கு முன்பே இறக்கிவிடலாம். தலைமூடி அவசியம். துணியின் மேலுள்ள நீரொட்டாப் பூச்சு தூறலைக் கொஞ்ச நேரம் தாங்குமே தவிர, மழைக்குத் தனி ரெயின்கோட் வேண்டும். நைலான் உருகும் என்பதால் முகாமில் தீ மூட்டினால் இந்தச் சட்டையோடு அருகில் போகாதீர்கள்.

ஈரோடு, திருப்பூர்ப் பக்கத்தில் காலண்டரிங் என்றால் பலருக்கும் தெரியும். சூடான உருளைகளுக்கு நடுவே துணியை அழுத்தி மழமழப்பாக்குவது. பல விண்ட்சீட்டர் துணிகளும் இந்த வேலையால்தான் இடுக்கு குறைந்து காற்றைத் தடுக்கின்றன. உரசலிலும் சலவையிலும் அந்த அழுத்தம் மெல்லத் தளரும், வருடங்கள் போகப்போகச் சட்டை கூடுதலாகக் காற்றை விடும். அப்படித் தளர்ந்த பழைய சட்டையைத் தூக்கிப் போட வேண்டாம். காற்று குறைவான காட்டுப்பாதை ஏற்றங்களில் அது புதியதைவிட நன்றாக உழைக்கும்.