சோர்வுறும் கண்ணிமை: ஒரு நோயின் வரலாறு பற்றிய குறிப்பு

காலையில் இயல்பாய்த் திறந்திருக்கும் கண்ணிமை மாலையில் தாழ்ந்து விழுகின்றது. காணும் பொருள் இரண்டாகத் தோன்றுகின்றது. ஓய்வெடுத்தால் இவை தணிந்துவிடுகின்றன. மையஸ்தீனியா கிராவிஸ் எனப்படும் தசைச்சோர்வு நோய் பெரும்பாலும் கண்ணிலேயே தொடங்குகின்றது. நம் மொழியிற் 'சோர்வு' என்னுஞ் சொல் களைப்பையும் தவறுதலையும் ஒருங்கே குறிக்கும். உழைப்பவன் களைத்தால் சோம்பல் என்றும், பெண் களைத்தால் மனக்கோளாறு என்றும் கொள்ளும் சமுதாயத்தில், வந்து வந்து போகும் இந்நோய் ஐயத்துக்குள்ளாவது வியப்பன்று.

நரம்பு நுனியிலிருந்து வெளிவரும் அசற்றைல்கோலின் தசையிலுள்ள வாங்கிகளிற் பொருந்தும்போதே தசை சுருங்குகின்றது. இந்நோயில் உடலின் பிறபொருளெதிரிகள் இவ்வாங்கிகளையே தாக்குகின்றன. தசை மீண்டும் மீண்டும் இயங்குகையில் எஞ்சிய வாங்கிகள் போதாமற் போகின்றன. 1973 இல் பற்றிக், லின்ட்ஸ்ரொம் ஆகிய இருவரும் மின்விலாங்கின் வாங்கிப் புரதத்தை முயல்களுக்கு ஏற்றி இத்தகைய சோர்வைத் தோற்றுவித்தனர்.

நெஞ்செலும்பின் பின்னுள்ள தைமசுச் சுரப்பி, நிர்ப்பீடனக் கலங்கள் தன்னையும் பிறிதையும் வேறுபடுத்தப் பயிலும் இடமாகும். நோயாளரில் 10 முதல் 15 சதவீதமானோரிடம் அதிற் கட்டி காணப்படுகின்றது. வேறு பலரிடம் அது பருத்திருக்கும். 1936 இல் அல்பிரட் பிளலொக் அத்தகைய கட்டியொன்றை அகற்றியபின் நோயாளி தேறினார். கட்டியில்லாதோர்க்கும் சுரப்பியை அகற்றுதல் பயன் தரும் என்பதை 2016 இல் வெளியான ஆய்வு காட்டிற்று. எனினும் அவ்வாய்வு நோய் உடலெங்கும் பரவியோரைப் பற்றியது. கண்ணளவில் நிற்கும் நோய்க்கு அம்முடிவை அப்படியே பொருத்தலாகாது.

மருந்தின் கதையோ பேராய்வுகூடங்களிற் தொடங்கவில்லை. தென்னமெரிக்கப் பழங்குடி வேட்டுவர் அம்பிற் தோய்த்த கியுராரே நஞ்சு, நரம்பும் தசையும் கூடுமிடத்தையே தடுக்கின்றது. அதற்கு மாற்றான பைசொஸ்ரிக்மைன், இன்றைய நைஜீரியாவிலுள்ள கலபாரில் குற்றஞ் சாட்டப்பட்டோரைச் சோதிக்க ஊட்டிய நச்சவரையிலிருந்து பெறப்பட்டது. ஐரோப்பிய மருத்துவ நூல்கள் இம்மக்களின் அறிவைப் பெரும்பாலும் 'கண்டுபிடிப்பு' என்றே பதிந்தன.

இவ்விரு நஞ்சுகளையும் நோயாளியின் படுக்கையருகே இணைத்து நோக்கியவர் மேரி வோக்கர். வறியோர் சட்ட மருத்துவமனையாயிருந்த கிறீன்விச் செயின்ற் அல்பீஜில் அவர் உதவி மருத்துவர். இந்நோய் கியுராரே நஞ்சின் விளைவை ஒத்ததெனக் கண்டு, 1934 இல் அவர் பைசொஸ்ரிக்மைனை ஊசி மூலம் ஏற்றினார். தாழ்ந்திருந்த இமை உயர்ந்தது; சில மணி நேரத்தில் மீண்டும் தாழ்ந்தது. 'லான்செற்' இதழில் அவர் எழுதியது ஒரு சிறு கடிதமே. அதனை நம்பத் தயங்கியோர் பலர். றோயல் மருத்துவர் கல்லூரியின் ஜீன் ஹன்ரர் பரிசு அவருக்குக் கிட்டியது 1962 இல். அதாவது 28 ஆண்டுகளின் பின்னர்.