மாத்திரையை நாய் விழுங்கிட்டுதா? "நல்லாத்தானே இருக்கு"ன்னு விட்டுடாதீங்க!

சென்னை,

தாத்தா சாப்பிட எடுத்த மாத்திரை கை தவறி கீழே விழுகிறது. அவர் குனிந்து எடுப்பதற்குள் வீட்டு நாய் 'லபக்' என்று விழுங்கி விடுகிறது. சில வீடுகளில் கட்டிலில் கிடந்த மாத்திரை அட்டையையே கடித்துக் குதறி விடுகிறது.

"ஒரு மாத்திரைதானே, ஓடியாடி நல்லாத்தானே இருக்கு" என்று பலர் விட்டு விடுகிறார்கள். ஆபத்தே அங்குதான் இருக்கிறது. நமக்கு நோய் தீர்க்கும் மாத்திரை நாய்க்கு விஷமாகலாம். அந்த விஷம் உடனே வெளியில் தெரியாது.

எந்த மாத்திரை என்ன செய்யும்?

* பாரசிட்டமால்:- அளவு மீறினால் கல்லீரல் கெடும். இது தெரிய ஒன்றிரண்டு நாள் ஆகலாம். பூனை என்றால் ஒரே மாத்திரையில் உயிர் போய் விடும்.

* இபுபுரூபன், டைக்ளோபினாக் போன்ற வலி மாத்திரைகள்:- வயிற்றில் புண், ரத்த வாந்தி, கறுப்பு நிறத்தில் மலம். அளவு கூடினால் கிட்னியும் போகும்.

* சர்க்கரை நோய்க்கான கிளிமிபிரைடு:- ரத்தத்தில் சர்க்கரை இறங்கி, நாய் தள்ளாடி மயங்கி விழும்.

* காசநோய்க்கான ஐசோனியாசிட்:- சில மணி நேரத்தில் வலிப்பு வரும்.

* வாரம் ஒன்று சாப்பிடும் 60 ஆயிரம் யூனிட் வைட்டமின் 'டி':- "சத்து மருந்துதானே" என்று நினைக்காதீர்கள். ரத்தத்தில் கால்சியம் ஏறி கிட்னியை கெடுக்கும். 5 கிலோ பொமரேனியனுக்கு ஒன்றே ஆபத்து.

உடனே என்ன செய்யணும்?

முதலில் வாயில் மிச்சம் இருப்பதை எடுத்து விடுங்கள். கீழே சிதறியதையும் பொறுக்குங்கள். அட்டையில் எத்தனை மாத்திரை குறைகிறது என்று எண்ணுங்கள். மருந்தின் பெயர், எத்தனை மில்லி கிராம், எத்தனை மணிக்கு விழுங்கியது, நாயின் எடை இந்த நான்கையும் கால்நடை டாக்டருக்கு போனில் சொல்லுங்கள். அட்டையை கையோடு எடுத்துச் செல்லுங்கள்.

முதல் 2 மணி நேரம் ரொம்ப முக்கியம். அதற்குள் போனால் ஊசி போட்டு வாந்தி எடுக்க வைத்து, பெரும்பகுதி மருந்தை வெளியேற்ற வாய்ப்பு உண்டு. தேவைப்பட்டால் விஷத்தை உறிஞ்சும் கரித்தூள் மருந்தும் கொடுப்பார்கள். பாரசிட்டமாலுக்கும் ஐசோனியாசிட்டுக்கும் மாற்று மருந்தே இருக்கிறது. 2 மணி நேரம் தாண்டி விட்டாலும் "இனி என்ன" என்று இருந்து விடாமல் கொண்டு போங்கள்.

செய்யக்கூடாதது

உப்புத் தண்ணீர் கரைத்து ஊற்றவே கூடாது. உடம்பில் உப்பு ஏறி அதுவே உயிருக்கு உலை வைத்து விடும். பால், மோர், எண்ணெய் எதுவும் விஷத்தை முறிக்காது. தொண்டைக்குள் விரலை விடாதீர்கள். மயக்கத்திலோ வலிப்பிலோ இருந்தால் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், நுரையீரலுக்குள் போய் விடும்.

நாய்க்கு காய்ச்சல் என்று நாமாகவே நம்ம மாத்திரையை உடைத்துக் கொடுப்பதும் இதே தப்புதான்.

கடைசியாக ஒன்று. மாத்திரை டப்பாவை டீப்பாய் மேலே வைக்காமல் அலமாரியில் வைத்துப் பூட்டுங்கள். அதற்கு ஒரு நிமிஷம்தான் ஆகும். வாயில்லா ஜீவன், வயிறு எரிகிறது என்று சொல்ல அதற்குத் தெரியாது.