குணமும் கோளாறும்

நாஞ்சில் நாட்டு வயல்களுக்கு வளம் சேர்ப்பது கோதையாறு. மலையினின்று விரைந்து இறங்கும் அவ்வாற்றை 1906ஆம் ஆண்டில் கட்டி முடிக்கப்பெற்ற பேச்சிப்பாறை அணை தாங்கிக்கொண்டது. கால்வாய்கள் அதற்கு வழி வகுத்தன. கட்டின்றி ஓடிய நீர் கழனியில் நெல்லாயிற்று. மனித இயல்பும் இத்தகையதே.

ஒருவர் எண்ணும் முறை, உணரும் முறை, பிறரோடு பழகும் முறை ஆகியவை சேர்ந்ததே அவருடைய ஆளுமை. சினமும் அச்சமும் ஐயமும் எல்லாரிடத்தும் சிறிது உண்டு, அவை நோயல்ல. ஆயின், இளமைதொட்டு ஒருவரது இயல்பு நெகிழ்ச்சியின்றி இறுகி, வீட்டிலும் வெளியிலும் ஆண்டுக்கணக்காகத் துன்பம் விளைக்குமாயின், மருத்துவர் அதனை ஆளுமைக் கோளாறு என்பர்.

இக்கோளாறு பலவகைப்படும். ஒருவர் காரணமின்றி யாவரையும் ஐயுறுவார். மற்றொருவர் பழிப்புக்கு அஞ்சி எவரோடும் பழகாது ஒதுங்குவார். வேறொருவர் இன்று போற்றிய நண்பரையே நாளை தூற்றுவார். கைவிடப்படுவோமோ என்னும் அச்சத்தால் தம்மையே வருத்திக்கொள்வதும் உண்டு. காண்போர் இதனைத் திமிர் என்பர். பேய்க்குற்றம் என்பாரும் உளர். பிறவியில் அமைந்த இயல்பும், குழந்தைப் பருவத்தில் நேர்ந்த கொடுமையும் புறக்கணிப்பும் இதற்குக் காரணமாகலாம். எவரும் இதனை விரும்பித் தேடிக்கொள்வதில்லை.

மனநோயைப் பற்றிய அறியாமை எத்தகைய கேடு விளைக்கும் என்பதைத் தமிழகம் கண்டுள்ளது. 2001ஆம் ஆண்டு ஆகஸ்டு 6ஆம் நாள், இராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியில் மனநோயாளர் விடுதி ஒன்று தீப்பற்றியது. சங்கிலியால் கட்டப்பட்டிருந்தவர்கள் தப்ப இயலாமல் மாண்டனர். இறந்தோர் 28 பேர். நோயாளரைச் சங்கிலியால் கட்டுதலை 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் முற்றிலும் தடை செய்கிறது.

சங்கிலி செய்ய இயலாததைச் சொல் செய்யும். ஆளுமைக் கோளாற்றுக்கெனத் தனி மருந்து இல்லை. உடன் தோன்றும் மனச்சோர்வு முதலியவற்றுக்கே மருந்து உதவும். தலையாய சிகிச்சை, பயிற்சி பெற்ற வல்லுநர் பொறுமையோடு உரையாடி, உணர்ச்சியை ஆளும் பழக்கத்தைக் கற்பித்தலேயாகும். அமெரிக்க உளவியல் அறிஞர் மார்ஷா லினகன் 1980களில் இவ்வகைச் சிகிச்சை முறையொன்றை வகுத்தார். இளமையில் தாமும் ஈராண்டுக்கு மேல் மனநல மருத்துவமனையில் இருந்ததை 2011ஆம் ஆண்டில் அவரே வெளிப்படுத்தினார். நோயுற்றவரே பிறர் நோய்க்கு வழி கண்டது எண்ணத்தக்கது.

உதவி தொலைவில் இல்லை. ஆசாரிப்பள்ளத்திலுள்ள கன்னியாகுமரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநல மருத்துவம் பெறலாம். 2022ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற 14416 என்னும் தொலைபேசி எண்ணில் இரவும் பகலும் கட்டணமின்றித் தமிழிலேயே ஆலோசனை கேட்கலாம்.

நோயின் பெயரைத் துணிந்து கூறுதல் மருத்துவர் கடன். தோழர் ஒருவரை நோயாளி என்று மாணவர் பெயரிட்டு அழைத்தல் தகாது. அவர் துயருறுங்கால் இகழாது கேட்டலும், அவர் தம்மை வருத்திக்கொள்வதாக அறியின் பெற்றோருக்கோ ஆசிரியருக்கோ உடனே தெரிவித்தலுமே நட்பின் கடமை.

சிகிச்சையின் பயன் ஒரு நாளில் விளைவதன்று. பேச்சிப்பாறை அணையும் ஒரு நாளில் எழுந்ததன்று. மருத்துவர் கால்வாய் வெட்டுவார். உற்றாரின் உறுதியான அன்பே அதற்குக் கரையாகும்.