பீட்டில்ஸ் இல்லா உலகம்: ஒரு படமும் கண்டோர் கருத்தும்

நிழலின் அருமை வெயிலில் தெரியும் என்பது நம்மவர் பழமொழி. நாள்தோறும் நுகரும் பொருளின் பெருமையை அஃது உள்ளபோது நாம் எண்ணுவதில்லை; அஃது இல்லையாயின் உலகம் எவ்வாறிருக்கும் என்று சிந்திக்குங்கால்தான் அதன் மதிப்புப் புலனாகின்றது. இவ்வுண்மையை அடிப்படையாகக்கொண்டு இங்கிலாந்தில் எடுக்கப்பெற்று, 2019-ம் ஆண்டு ஜூன் மாதத்தில் வெளிவந்தது 'எஸ்டர்டே' என்னும் திரைப்படம். 'நேற்று' என்பது அப்பெயரின் பொருள். டானி பாயில் என்பார் இயக்க, ரிச்சர்ட் கர்ட்டிஸ் என்பார் திரைக்கதை வகுத்தார். அதனைக் கண்டோர் அனைவரும் ஒருபடித்தாகக் கருத்துரைத்தாரல்லர். அவர்தம் கருத்துக்கள் எக்காரணம்பற்றி வேறுபட்டன என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதற்கண் கதையைச் சுருக்கிக் கூறுவாம். லோஸ்டாப்ட் என்னும் கடற்கரையூரில் வாழ்பவன் ஜாக் மாலிக் என்னும் இளைஞன். ஹிமேஷ் பட்டேல் என்னும் நடிகர் அவனாகத் தோன்றுகின்றார். அவ்விளைஞன் கடையொன்றில் பணிபுரிந்துகொண்டே, தான் இயற்றிய பாட்டுக்களைக் கித்தார் மீட்டிப் பாடித் திரிகின்றான். விரும்பிக் கேட்பார் மிகச் சிலரே. ஓரிரவு உலகெங்கும் மின்விளக்குக்கள் 12 விநாடி அவிந்துவிடுகின்றன. அவ்விருளில் அவன் பஸ் மோதி வீழ்கின்றான். நலம்பெற்றபின், நண்பர் சிலர் நடுவே 'எஸ்டர்டே' என்னும் பழம்பாட்டைப் பாடுகின்றான். அவர்களோ அதனை அவனே புதிதாக இயற்றினான் என்றெண்ணி வியக்கின்றனர். பீட்டில்ஸ் என்னும் இசைக்குழுவினர் தோன்றவேயில்லாத உலகமாக அவ்வுலகம் மாறியிருந்தது. கோகோ-கோலாவும் சிகரெட்டும் ஹாரி பாட்டர் கதைகளும்கூட அங்கே இல்லை. ஜாக், அக்குழுவினரின் பாட்டுக்களைத் தன்னுடையனவாகப் பாடிப் பெரும்புகழ் எய்துகின்றான்.

பீட்டில்ஸ் ஆவார் ஜான் லென்னன், பால் மெக்கார்ட்னி, ஜார்ஜ் ஹாரிசன், ரிங்கோ ஸ்டார் என்னும் லிவர்ப்பூல் நகரத்து இளைஞர் நால்வர். 1960-ல் அப்பெயர் பூண்ட குழு 1970-ல் பிரிந்தது. பத்தாண்டு காலமே நிலவிய அக்குழுவின் பாட்டுக்கள் அரை நூற்றாண்டு கடந்தபின்னும் மக்கள் நாவில் வாழ்கின்றன. ஆதலின் இப்படத்தைக் காணச் சென்றோர் பலரும் அப்பாட்டுக்களை முன்னரே அறிந்தவராயிருந்தனர். நண்பர்கள் முதன்முறையாக அப்பாட்டைக் கேட்டு உருகி நிற்கும் காட்சியில், பழகிய பாட்டைத் தாமும் புதிதாகக் கேட்டதுபோன்ற இன்பம் அவர்க்கு உண்டாயிற்று. படம் உலகெங்கும் 15 கோடி டாலருக்கு மேல் ஈட்டியதற்கு இவ்வின்பம் ஒரு காரணமெனல் தகும்.

எனினும் வேறுசிலர் ஒரு தடையை எழுப்பினர். 'அப்பாட்டுக்கள் 1960-ஆம் ஆண்டுகளுக்கு உரியன. அக்காலத்தையும் அந்நால்வரையும் நீக்கிவிட்டு, ஒருவன் இக்காலத்தில் அவற்றைப் பாடினால் உலகம் அவ்வாறு மயங்குமோ?' என்பது அவர் வினா. இவ்வினாவை எளிதில் தள்ளிவிடலாகாது. லென்னனும் மெக்கார்ட்னியும் முதன்முதல் சந்தித்தது 1957-ம் ஆண்டு ஜூலை 6-ல், லிவர்ப்பூலைச் சார்ந்த உல்டன் என்னுமிடத்துத் தூய பேதுரு ஆலயத் திருவிழாவில் ஆகும். 1960 முதல் ஜெர்மனி தேயத்து ஹாம்பர்க் நகரில் இரவுதோறும் பல மணிநேரம் இசைத்துப் பயின்றே அவர்கள் கைதேர்ந்தனர். 1962-ல் டெக்கா என்னும் இசைத்தட்டு நிறுவனம் அவர்களை வேண்டாவென ஒதுக்கிற்று. அதன்பின்னரே ஜார்ஜ் மார்ட்டின் என்பார் அவர்களை ஏற்று, அவர்தம் இசையைச் செப்பனிட்டார். 'எஸ்டர்டே' என்னும் பாட்டோடு வயலின் முதலிய நரம்புக்கருவிகள் நான்கனை இசைக்கச் செய்தவரும் அவரே. இத்துணையும் இல்லையாயின் பாட்டும் இல்லை என்பது தடை கூறுவோர் கொள்கை.

கதையை முதலில் புனைந்த ஜாக் பார்த் என்பாரும் ஏறத்தாழ இக்கொள்கையினரே. அவர் வகுத்த முதல் வரைவில், அப்பாட்டுக்களைப் பாடும் இளைஞன் பெரும்புகழ் எய்துவதில்லை. கர்ட்டிஸ் அதனை மாற்றியமைத்தார். ஆகவே காண்போரிடையே எழுந்த வேறுபாடு, படத்தை ஆக்கியோரிடையேயும் இருந்ததென்பது தெளிவு.

படத்தினுள்ளும் இதற்குச் சான்றுகள் உள. ஜாக் தன் பெற்றோர்க்கு 'லெட் இட் பி' என்னும் பாட்டைப் பியானோவில் இசைத்துக் காட்டத் தொடங்குகின்றான். வாயில்மணி ஒலிக்கின்றது, அயலார் வருகின்றார், பேச்சு வேறு வழிச் செல்கின்றது, பாட்டோ தொடங்கிய இடத்திலேயே நிற்கின்றது. காண்போரை நகைக்கச் செய்யும் இக்காட்சி, நற்பாட்டும் செவிசாய்ப்பாரை வேண்டி நிற்கும் என்பதை உணர்த்துகின்றது. பின்னர், 'எலினார் ரிக்பி' என்னும் பாட்டின் சொற்கள் நினைவுக்கு வாராமையின், அவன் லிவர்ப்பூல் நகருக்கே சென்று தெருக்களிலும் கல்லறைகளிலும் அவற்றைத் தேடுகின்றான். பாட்டு முளைத்த நிலத்தை மிதித்தாலன்றி அது முழுதும் கைவராது போலும்!

மூன்றாவது கருத்து அறம்பற்றியது. உரியவரே இல்லாத உலகில் அவர் பாட்டைத் தனதென்பது களவாகுமா? 'பாடாதுவிட்டால் உலகம் அப்பாட்டுக்களை இழக்கும். ஆதலின் அவன் செய்தது நன்றே' என்பர் ஒருசாரார். 'பாடியது நன்று, தனதென்றது தீது' என்பர் மற்றொரு சாரார். இங்கே வரலாற்றுச் செய்தியொன்று நினைக்கத்தக்கது. 'எஸ்டர்டே' பாட்டின் இசை மெக்கார்ட்னிக்குக் கனவில் தோன்றியது. அதனை எங்கோ கேட்டுத் திருடிவிட்டோமோ என்றஞ்சிய அவர், பலரிடமும் அதனை இசைத்துக் காட்டி, 'இஃது யாருடையது?' என்று வினவித் திரிந்தார். ஒருவரும் உரிமை கூறாமையின், பின்னரே தமதெனக் கொண்டு 1965-ல் வெளியிட்டார். தமக்கே உரியதைப் பிறர்க்குரியதோவென அவர் அஞ்சினார். பிறர்க்குரியதென நன்கறிந்தும் ஜாக் தனதென்றான். அவன் நெஞ்சம் அவனைச் சுட்டதில் வியப்பென்னை?

மிகுதியான வாதத்தை விளைத்தது லென்னன் தோன்றும் காட்சியாகும். மெய்யுலகில் அவர் 1980-ம் ஆண்டு டிசம்பர் 8-ல் நியூயார்க்கில் சுடப்பட்டு மாண்டார். படத்திலோ, புகழ் என்பதே அறியாதவராய், 78 வயது முதியவராய்க் கடற்கரையில் அமைதியாக வாழ்கின்றார். அவரைக் கண்டு கண்ணீர் உகுத்தோர் பலர். மெய்யாக மாண்ட ஒருவரை இவ்வாறு எழுப்பிக் காட்டுதல் தகாதென வெறுத்தோர் சிலர். எம் கருத்தில் இக்காட்சி கடியத்தக்கதன்று. பாட்டுக்களால் உலகம் பெற்ற ஊதியத்தை எண்ணுவார், அவற்றை ஆக்கியோன் இழந்ததனையும் எண்ணவேண்டும் என்று அஃது அறிவுறுத்துகின்றது.

இனி, வேடிக்கையானதொரு செய்தியுமுண்டு. ஆனா டி ஆர்மாஸ் என்னும் நடிகை இப்படத்தில் நடித்திருந்தார். கதாநாயகனுடைய உள்ளம் எல்லி என்பாளை விடுத்து மற்றொருத்திபாற் செல்லுவதை முன்னோட்டமாகக் கண்டோர் விரும்பாமையின், அவர் பகுதி நீக்கப்பட்டது. விளம்பரப் படத்தில் மட்டும் அவர் நின்றுவிட்டார். அவரைக் காணவே படத்தை வாடகைக்குப் பெற்றோம் என்று கூறி, அமெரிக்கர் இருவர் 2022-ம் ஆண்டு ஜனவரியில் வழக்குத் தொடுத்தனர். இல்லாமற்போனதொன்றை நினைவில்வைத்து வருந்துதல் ஜாக்கிற்கேயன்றி அவர்க்கும் நேர்ந்தது!

இறுதியில், வெம்பிளி அரங்கிற் கூடிய பெருங்கூட்டத்தின்முன் ஜாக், பாட்டுக்களை இயற்றினோர் நால்வர் பெயரையும் வெளிப்படக் கூறுகின்றான். அவற்றை விலையின்றி எல்லார்க்கும் வழங்குகின்றான். பின்னர்ப் பள்ளியாசிரியனாகிச் சிறுவர்களுடன் பாடி மகிழ்கின்றான். இம்முடிவை எளியதென இகழ்ந்தாரும் உளர். யாம் அவ்வாறு கருதவில்லை. நற்செய்தி நூலிலே தாலந்து பெற்ற ஊழியர் உவமையை நாம் அறிவோம். பெற்றதைப் புதைத்தவன் கடியப்பட்டான். ஆயினும் பெருக்கியவனும் அதனைத் தன் பொருளென்று கூறவில்லை. தலைவன்முன் கணக்கு ஒப்புவித்தான். ஜாக் பாடாதிருந்தால் முன்னவன் ஆவான்; உண்மை கூறாதிருந்தால் தலைவனையே மறுத்தவன் ஆவான்.

கண்டோர் கருத்துக்கள் பலவாயினும் அவற்றின் வேர் ஒன்றே. பாட்டு யாருக்கு உரியது என்பதே அது. ஆக்கியோர்க்கும், அவரை உருவாக்கிய ஊர்க்கும் ஆசிரியர்க்கும், செவிசாய்த்த மக்களுக்கும் அதில் பங்குண்டு. நாம் கற்கும் கலையனைத்தும் பிறர்பாற் பெற்றனவே. பெற்றதைப் பிறர்க்கு ஈதலும், தந்தோர் பெயரை மறையாது சொல்லுதலும் கற்றார்க்குரிய கடன் என்பதை நண்பர்கள் இப்படத்தினின்றும் உணர்ந்துகொள்வார்களாக.